கழுவிய குப்பி

நெய்யாற்றின்கரை லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் போன வாரம் பாறசாலையில் என் வீட்டுக்கு வந்து, "சாறே, உங்க அனுபவத்த எழுதித் தாங்க" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். கேட்டது சந்தோஷம்தான். ஆனால் காப்பி குடிக்கும்போது, விந்தணுவை எண்ணுவதற்கு இப்போது இயந்திரமே வந்துவிட்டது என்று சொன்னீர்களே, அப்போது எனக்கு வயிறு எரிந்தது. இருபத்தாறு வருஷம் கழுத்தை வளைத்து எண்ணியவன் நான். எண்ணுவதைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த வேறொன்றைப் பற்றி எழுதுகிறேன். பொறாமையைப் பற்றி.

வேலையின் கனத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளை இல்லாத ஒரு தம்பதி வந்தால், என்ன சிகிச்சை என்று டாக்டர் முடிவு செய்வது பாதிக்குமேல் நம் தாளைப் பார்த்துத்தான். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா, கணவனின் அணுவைக் கருப்பையில் வைக்கலாமா, ஒரே ஒரு அணுவை எடுத்து முட்டைக்குள் செலுத்தலாமா, அல்லது முகம் தெரியாத இன்னொருவரின் அணுவை வாங்கலாமா. நாம் எழுதும் ஒரு வரியில் ஒரு வீட்டில் பிறக்கப்போகும் குழந்தையின் தகப்பன் மாறிவிடுவான். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் பல வருஷம் இதை நினைக்காமலேதான் எழுதினேன்.

லேபின் சுவரில் இருக்கும் சாம்பிள் ஜன்னல் உங்களுக்குத் தெரியும். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார்கள். என் காலத்தில் மரக்கதவு. மருத்துவமனைக் கழிப்பறையில் எடுக்கச் சொன்னால் நம் ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு முடியாது. வெளியே பெஞ்சில் மச்சினனின் மாமனார் உட்கார்ந்திருப்பார். அதனால் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடியவர்கள் வீட்டிலேயே எடுத்து வரலாம் என்று வைத்திருந்தோம். முந்தின நாளே ஒரு குப்பியும் குறிப்புத்தாளும் கொடுத்து அனுப்புவோம். மறுநாள் காலையில் ஆள் வருவார், ஜன்னலில் குப்பியை வைப்பார், ஒரு தட்டுத் தட்டுவார், போய்விடுவார். நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். அவருடைய மானத்துக்கு நான் கொடுக்கும் மரியாதை அது என்று நினைத்திருந்தேன்.

அந்தக் குறிப்புத்தாளை எழுதியவனும் நான்தான். மலையாளத்திலும் தமிழிலும் பதினோரு குறிப்புகள். எத்தனை நாள் விலகி இருக்க வேண்டும், குப்பியை எப்படிச் சட்டைக்குள் உடம்போடு சேர்த்துக் கொண்டுவர வேண்டும், ஐஸில் வைக்கக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, எல்லாம் அதில் உண்டு. டாக்டர் மேடம் அதை ஒட்டி வைத்து, "நடேசன் சாறு எழுதியதாணு", நடேசன் சார் எழுதியது என்று, வருகிறவர்களிடம் காட்டுவார். மேடம் வடக்கே கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழ் புரியும், பேசுவது மலையாளம். அவர் அப்படிச் சொல்லும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன், காது மட்டும் அங்கே இருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் இருக்கும்போது ஷைனி வந்தாள். தனுவச்சபுரத்தில் காலேஜ் படித்து, சென்னையில் ஒரு பெரிய மையத்தில் வேலை பழகி வந்தவள். வயது இருபத்தேழு. (பெயர்கள் எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஆளைக் கண்டுபிடிக்க முயல வேண்டாம்.) அணுக்களை எண்ணுவதோடு நிற்காமல், அவை வேலைக்கு ஆகுமா என்று பார்க்கும் சோதனைகளை அவள் கற்று வந்திருந்தாள். வந்த மாதமே திரையோடு கூடிய புது நுண்ணோக்கி வாங்கினார்கள். அது அவள் மேஜைக்குப் போயிற்று. என்னிடம் பழையதே இருந்தது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அவள் ஜன்னல் கதவைத் திறந்ததுதான். தட்டும் சத்தம் கேட்டதும் கதவைத் திறந்து தலையை நீட்டி, "அண்ணே, எத்தன மணிக்கு எடுத்தது? வழியில நேரம் ஆயிற்றோ?" என்று சிரித்துக்கொண்டு கேட்பாள். முதலில் வியர்த்துப்போன ஆண்கள் பிறகு நின்று பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். இருபது வருஷமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர்கள்! அநாகரிகம் என்று என் மனைவியிடம் சொன்னேன். அநாகரிகம் என்று நான் சொன்னது வயிற்றெரிச்சலுக்கு வைத்த கௌரவமான பெயர்.

பிறகு அந்த இரண்டு வார்த்தை வந்தது. ஒரு நாள் மாடியில் என் தாளை மேடத்தின் முன் வைத்தேன். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர் நிமிர்ந்து, "ஷைனி கண்டோ?" என்றார். ஷைனி பார்த்தாளா என்று கேட்கிறார். என் தாளுக்கு. நான் பார்த்ததற்கு. கீழே இறங்கும்போது படிக்கட்டில் யாரோ வணக்கம் சொன்னார்கள், நான் திரும்பச் சொல்லவில்லை. அன்றைக்கே ஒரு சின்னப் பச்சை டைரி வாங்கினேன். அதில் ஷைனியின் தவறுகளை மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொண்டேன்.

எழுத என்ன இருந்தது என்கிறீர்கள்? பத்து நிமிஷம் பிந்தி வந்தாள். மூன்றை எட்டு மாதிரி எழுதினாள். பேனா மூடியைக் கடித்தாள். ஒரு மாதத்தில் ஒன்பது பக்கம் நிரப்பினேன். ஐம்பத்தாறு வயது ஆள் செய்கிற வேலையா இது என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். உங்கள் மூன்று பேருக்குள்ளும் இப்போதே ஒருவர் மேஜையை ஒருவர் எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரியும்.

அந்த வருஷம்தான் குமரேசன், மீனாட்சி விஷயம் நடந்தது. தனுவச்சபுரம் பக்கத்தில் பழைய சைவக் குடும்பம். அவர் ரப்பர் ஷீட் வியாபாரம், மனைவி பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஷைனி வருவதற்கு முன்னால் ஒரு மாத இடைவெளியில் அவருடைய சாம்பிளை இரண்டு முறை நான் பார்த்திருந்தேன். இரண்டு முறையும் அணுக்கள் நிறைய, ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. வால்கள் சுருண்டு கிடந்தன. "நீர்த்துப்போய் இருக்கிறது, அசைவில்லை, உயிரற்றவை, வால் குறைபாடு" என்று எழுதிக் கொடுத்தேன். உயிர் உண்டா என்று சாயம் போட்டுப் பார்க்கும் வழக்கம் ஒன்று இருந்தது. அதை நான் எப்போதோ விட்டிருந்தேன். அசையாதது செத்தது, இதற்கு எதற்குச் சாயம் என்று இருந்துவிட்டேன்.

என் தாளை வைத்து மேடம் அவர்களிடம் வேறொருவரின் அணுவைப் பற்றிப் பேசினார். குமரேசன் ஒத்துக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று. அவர் ஒரே மகன். சொந்தபந்தம் யாருக்கும் தெரியக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். மீனாட்சிக்கு மருந்து தொடங்கி, முட்டை வளர்ந்து, ஒரு திங்கட்கிழமை காலைக்கு நாள் குறித்தார்கள்.

அதற்கு முந்தின வியாழக்கிழமை ஷைனி அவர்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சாறே, இதப் பாத்தியளா? எண்ணிக்க இவ்வளவு உண்டு, ஒண்ணாவது அனங்கல்லியே. உயிரு உண்டான்னு ஒரு டெஸ்ட் பாக்கட்டா?"

"ரெண்டு மட்டம் நான் பாத்ததாக்கும்" என்றேன்.

"அனங்காததெல்லாம் செத்ததுன்னு இல்லல்லா சாறே. உயிரு இருந்தா அவருக்கத வச்சே செய்யலாமே."

என் கையெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னாள். வேண்டுமென்று வைத்ததல்ல, ஃபைலைப் பிடித்த கை அங்கே இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. "மேடத்த கேட்டுக்கோ" என்று திரும்பிக்கொண்டேன். அவள் படியேறி ஓடினாள். மேடம் சரி என்றார். சனிக்கிழமை காலையில் குமரேசன் மூன்றாவது முறையாகச் சாம்பிள் கொண்டுவந்தார்.

ஷைனி செய்த சோதனை எளியதுதான். உப்பு மிகக் குறைந்த ஒரு கரைசலில் அணுக்களை விட்டால், உயிருள்ளது தண்ணீரை உள்ளே இழுத்து வீங்கும், அதன் வால் சுருண்டுகொள்ளும். செத்தது நீட்டியபடியே கிடக்கும். பதினோரு மணிக்கு அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். பாதிக்குமேல் சுருண்டுவிட்டன, உயிர் இருக்கிறது. மேடம் கீழேயே வந்துவிட்டார், வந்து அவள் தோளில் தட்டினார். அந்த லேபில் இருபத்திரண்டு வருஷத்தில் மேடம் கீழே வந்து என் தோளில் தட்டியதில்லை. மூன்று மணிக்குத் தம்பதியை வரச் சொல்லிப் போன் போயிற்று.

நான் சாப்பிடப் போகவில்லை. எல்லாரும் போன பிறகு, மிச்சம் இருந்த சாம்பிளிலிருந்து ஒரு துளி எடுத்து, எந்தக் கரைசலும் சேர்க்காமல் அப்படியே என் பழைய நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். வால்கள் சுருண்டுதான் இருந்தன. கரைசல் படாமலே சுருண்டிருந்தன! அப்படியானால் ஷைனி எண்ணியது எதை? ஏற்கெனவே சுருண்டிருந்ததை எல்லாம் சேர்த்து எண்ணிவிட்டு உயிர் உண்டு என்று சொல்லியிருக்கிறாள். கரைசல் சேர்க்காத துளியை முதலில் பார்த்துக் கழிக்க வேண்டும் என்பது அந்தச் சோதனையின் முதல் பாடம். அவசரத்தில் விட்டிருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கப் போவதில்லை. டைரியை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

அப்போது மணி ஒன்றேகால். அவள் கேன்டீனில் இருந்தாள், மேடம் மாடியில் இருந்தார். யாரிடமாவது போய்ச் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. மூன்று மணிக்கு எல்லாரும் இருக்கும்போது சொன்னால்தான் அதற்கு மதிப்பு என்று உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கண்ட தவறை அந்த நிமிஷமே சொல்லுங்கள். மேடை ஏறும்வரை வைத்திருந்தால், கீழே நிற்கிற யாரோ ஒருவர் அதற்கு அழ வேண்டியிருக்கும்.

மூன்று மணிக்கு மாடியில் மேடம் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். உயிர் இருக்கிறது, திங்கட்கிழமை வேண்டாம், உங்கள் அணுவையே வைத்துச் செய்ய வழி பார்ப்போம். மீனாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். குமரேசன் எழுந்து நின்று ஷைனியைப் பார்த்துக் கும்பிட்டார். அவருடைய முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். கும்பிட்ட கை இறங்குவதற்குள் நான் சொன்னேன், "மேடம், அந்த ரிசல்ட் நில்லாது." ஏன் என்பதையும் சொன்னேன். குரல் நடுங்காமல், நிதானமாக, அழகாகச் சொன்னேன்.

மேடம் ஷைனியைப் பார்த்தார். ஷைனி, "வெறும் துளிய நான் பாக்கல்ல மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அவள் தோள் குலுங்கியது. மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, மன்னிக்க வேண்டும், சோதனையை நம்ப முடியாது, முட்டை திங்கட்கிழமைக்கு மேல் நிற்காது, பழைய முடிவே இருக்கட்டும் என்றார். பிறகு திங்கட்கிழமையை உறுதி செய்யப் போனை எடுத்தார். குமரேசன் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு மனிதருக்குப் பிள்ளையைக் கொடுத்துக் கால்மணி நேரத்தில் பிடுங்கியிருந்தோம். பிடுங்கியது நான்.

வாசல் பக்கம் நான் நின்ற இடத்துக்கு மீனாட்சி வந்தார். அழுகையும் கோபமுமாக, தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்:

"எங்க பக்கத்துல ஒரு குறையும் வரல்ல சாறே. குப்பியக்கூட நான் சும்மா உள்ள எடுக்கல்ல. ஆசுவத்திரி சாதனமல்லா? வெளிக் கொழாயில கழுவி, பெறவு சுடுதண்ணி விட்டு மூணு மட்டம் அலசினேன். துணி வச்சுத் தொடச்சா அழுக்காயிரும்னு ஈரத்தோடயே மூடி வச்சேன். மூணு தடவையும் அப்பிடித்தான் செய்தேன். இதுக்குமேல என்னத்த செய்ய?"

குப்பியின் அடியில் மிச்சம் நின்ற தண்ணீர். உப்பில்லாத வெறும் தண்ணீர். ஷைனியின் கரைசல் செய்கிற வேலையை அந்தத் தண்ணீர் வழியிலேயே செய்து முடித்திருக்கிறது. உயிரோடு குப்பிக்குள் விழுந்த அணுக்கள் தண்ணீரைக் குடித்து வீங்கி, வால் சுருண்டு, அசைவு நின்று, என் கண்ணாடிச் சில்லுக்கு வந்திருக்கின்றன. நீர்த்துப்போய் இருக்கிறது என்று இரண்டு முறை என் கையால் எழுதியிருக்கிறேன். எந்த நீர் என்று கேட்டதில்லை.

என் வீட்டிலும் அதே வழக்கம்தான். நான் லேபிலிருந்து திரும்பினால் டிபன் பாத்திரத்தை வெளிக் குழாயில் கழுவாமல் என் மனைவி வாசல் தாண்ட விடமாட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் எந்தப் பொருளையும் கழுவித்தான் வீட்டுக்குள் எடுப்பார்கள். அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்த நான் பதினோரு குறிப்பு எழுதினேன். கழுவக் கூடாது என்று எழுதவில்லை.

அந்த அறையில் மீனாட்சி சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. மேடம் போனில் இருந்தார், ஷைனி ஜன்னலைப் பார்த்து நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். நான் கீழே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் ஜெயித்திருந்தேன். பேசினால் என் இரண்டு தாளும் பொய் என்று ஆகும், பதினோரு குறிப்பும் ஓட்டை என்று ஆகும், சோதனையில் தப்புச் செய்த ஷைனிதான் கடைசியில் சரி என்றும் ஆகும். அந்தக் கடைசி விஷயம்தான் என்னை உட்கார வைத்தது.

என்னை எழுப்பியது மனசாட்சி என்று எழுத ஆசைதான். ஆனால் எழுந்தது வேறு ஒரு நினைப்பில். திங்கட்கிழமை காலையில் இந்தப் பெண் சும்மா இருப்பாளா? மீனாட்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "அக்கா, குப்பிய எப்பிடிக் கொண்டு வந்திய?" என்று கேட்பாள். அவள் கேட்கிறவள். கேட்டுக் கண்டுபிடித்துவிடுவாள். இதையும் அவளே கண்டுபிடிப்பதா? அந்த எரிச்சலில்தான் எழுந்தேன். லேப் கோட்டும் ரப்பர் செருப்புமாகப் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். ரோட்டைத் தாண்டும்போதுதான், அவள் கேட்பதற்குள் திங்கட்கிழமை வேலை முடிந்துவிட்டால் என்று தோன்றியது. அதற்குப் பிறகு ஓடியது அவர்களுக்காக.

பாறசாலை பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. தொற்றி ஏறினேன். அவர்கள் நடு வரிசையில் இருந்தார்கள். கூட்டம். நான் கம்பியைப் பிடித்துக் குனிந்து, "அந்தக் குப்பி..." என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் மடியில் மரச்சீனிக் கிழங்குப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "குழம்புக்குப்பியா சாறே?" என்று, வைத்தியர் தரும் தைலக் குப்பியை நினைத்துக் கேட்டார்.

குமரேசன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இனியும் என்னவாக்கும் சாறே? பஸ்ஸுல வச்சும் சொல்லணுமா?"

"அமரவிளையில எறங்குங்க. ரெண்டு நிமிஷம். கும்பிட்டுக் கேக்கேன்" என்றேன்.

அமரவிளையில் இறங்கினோம். பழைய செக்போஸ்ட் பக்கம், ஒரு பழக்கடையின் நிழலில் வைத்துச் சொன்னேன். குமரேசனுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. மீனாட்சிக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

"அப்பம் நானாக்கும் எல்லாத்தையும் கெடுத்தது? நான் கழுவினதா?"

"நீங்க இல்ல அம்மா. கழுவக் கூடாதுன்னு தாளுல எழுத வேண்டியவன் நான். எழுதல்ல. தண்ணியா இருக்கேன்னு கண்டப்பம் கேக்க வேண்டியவனும் நான்."

"அப்பம் எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார் குமரேசன்.

இந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "தெரியாது. கழுவாத குப்பியில பாத்தாத்தான் தெரியும். நல்லதாவும் இருக்கலாம், மோசமாவும் இருக்கலாம். திங்கக்கெழமைக்கு மட்டும் வராதீங்க. புதன்கெழமை வாங்க" என்றேன். உறுதி இல்லாத இடத்தில் உறுதி சொல்லாதீர்கள். அன்றைக்கு நான் செய்த காரியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஆறு மாசமா நான் கண்ணாடியில மொகம் பாக்கல்ல சாறே. சவரமெல்லாம் கடையிலயாக்கும்."

அவர்கள் அடுத்த பஸ்ஸில் போனார்கள். நான் எதிர்ப்பக்க பஸ்ஸில் திரும்பி, மாடியேறி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றேகால் மணிக்கே தெரிந்தும் மூன்று மணி வரை வைத்திருந்ததையும் சொன்னேன். மேடம் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திங்கட்கிழமையை ரத்து செய்துவிட்டு, "ஷைனியோடு பறயூ" என்றார். ஷைனியிடம் போய்ச் சொல்லுங்கள்.

அவள் முகம் கழுவி உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் கண் அகல விரிந்தது.

"அப்பம் உயிரு உண்டும்னு நான் சொன்னது செரிதானே சாறே?"

பாருங்கள், அழுத கண் காயவில்லை, அதற்குள்! "செரிதான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அமரவிளை வரை ஓடியதைவிட மூச்சு வாங்கியது.

"ஆனா வெறும் துளிய பாக்காதது எனக்க தப்புதான். நீங்க பாக்கல்லன்னா நானும் தப்பான காரணத்த வச்சுல்லா சொல்லியிருப்பேன்" என்றாள். அவள் நல்ல பெண் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை குமரேசன் கழுவாத குப்பியில் கொண்டுவந்தார். தட்டும் சத்தம் கேட்டதும் நான் முந்திக்கொண்டு கதவைத் திறந்தேன். "கழுவல்லியே?" என்று கேட்டேன். "இல்ல சாறே, அவள தொடவே விடல்ல" என்றார். முதலில் பார்த்தவனும் நான்தான். விட்டுக்கொடுக்கும் அளவுக்கு நான் பெரிய மனது படைத்தவன் அல்ல. பாதிக்கும் குறைவாகத்தான் அசைந்தன, சில மந்தமாக இருந்தன. ஆனால் ஓடின. நான் கண்ணை எடுக்காமல் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. ஷைனி பின்னால் வந்து நின்று, "சாறே, எனக்கும் காட்டுங்க" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் எழுந்தேன்.

தாளை எழுதி மாடிக்குக் கொண்டுபோனேன். மேடம் படித்தார், சிரித்தார், பேனாவை எடுத்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார், "ஷைனி கண்டோ?"

"கண்டு" என்றேன். படியிறங்கும்போது, இனிமேல் எந்தத் தாளையும் அவள் பார்க்காமல் மேலே கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்தேன். அவளுடையதையும் நான் பார்க்காமல் விடுவதில்லை. முதல் பாதி கசந்தது, இரண்டாம் பாதி இனித்தது. நீங்கள் இன்று ஒவ்வொரு தாளிலும் இரண்டு கையெழுத்துப் போடுகிறீர்களே, அது அன்றைக்குத் தொடங்கியது.

மறு வருஷம் குமரேசன், மீனாட்சிக்கு குமரேசனின் அணுவிலேயே பெண் குழந்தை பிறந்தது. பாயசம் கொண்டுவந்தார்கள். ஜன்னலில் தட்டி, "ஷைனி மேடம் உண்டா?" என்று கேட்டார்கள். திறந்தது நான். உண்டு என்று சொல்லி வழிவிட்டேன். பாயசத்தில் சீனி கூடுதல் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

இத்தோடு முடித்திருந்தால் இது நல்ல கதை. ஆனால் அந்தப் புதன்கிழமை சாயங்காலமே நான் பழைய பதிவேடுகளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீர்த்துப்போய் இருக்கிறது, வால் சுருண்டது, அசைவில்லை. என் கையெழுத்தில் அதே வரி பதினான்கு பெயர்களுக்கு இருந்தது. எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள். மேடத்திடம் கொண்டுபோய் வைத்தேன். வேறொருவரின் அணுவில் பிள்ளை பெற்று நிம்மதியாக இருப்பவர்களைத் தொட வேண்டாம், தத்து எடுத்தவர்களைத் தொட வேண்டாம், ஒன்றும் செய்யாமல் போனவர்களை மட்டும் கூப்பிடுங்கள் என்றார். அப்படி நாலு பேர். மூன்று எண்கள் மாறிப்போயிருந்தன.

நாலாவது எண் பனச்சமூடு பக்கம். ஒரு ஆண் குரல் எடுத்தது. நான் யார் என்று சொன்னேன். அவருக்கு உடனே நினைவு வரவில்லை.

"சாறே, அது எப்பமோ உள்ளதல்லா? இப்பம் என்ன?"

"ஒரு விஷயம் கேக்கத்தான். அன்னைக்கு நாங்க தந்த குப்பிய வீட்டுல கழுவினீங்களா?"

அவர் சிரித்தார். "பின்ன கழுவாமலா? எனக்க பெண்டாட்டி நல்ல சுத்தக்காரியாக்கும்."

பின்னால் ஒரு பெண் குரல் யார் என்று கேட்டது. "நெய்யாற்றின்கர ஆசுவத்திரியாக்கும். அன்னைக்குக் குப்பிய கழுவினியான்னு கேக்காவ" என்றார் அவர். "மூணு மட்டம் கழுவினேன்னு சொல்லுங்க" என்றது அந்தக் குரல், பெருமையாக.

பதிவேட்டில் அந்தப் பெண்ணின் வயது முப்பத்தைந்து என்று இருந்தது. பதினொரு வருஷத்துக்கு முந்தைய பக்கம் அது. இப்போது நாற்பத்தாறு. மிச்சத்தை நான் அவர்களிடம் சொன்னேனா என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னேன். சொல்லி முடித்த பிறகு அவர்கள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

உங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் முதல் குறிப்பு, குப்பியைக் கழுவ வேண்டாம் என்பது. ஷைனியின் கையெழுத்து. அவள் மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான். ஆனால் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நான் எழுதியபோது லேபில் நான் மட்டும்தான் இருந்தேன். பொறாமைப்பட எனக்கு ஓர் ஆள் இல்லை, என் துளியை எட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லை. பச்சை டைரியில் ஷைனியின் தவறுகளுக்குக் கீழே கடைசியாக ஒன்று எழுதி மூடிவிட்டேன். பதினொரு வருஷம் பிந்தி வந்தாள்.